குழம்பு மணக்குது... போட்டோவில் மட்டும் ஏன் தார் மாதிரி தெரியுது? வீட்டுச் சாப்பாடு விற்பவர்களுக்கு ஒரு வெளிச்சப் பாடம்!

காலை 11 மணி. நல்லெண்ணெய் மிதக்க மிதக்க, சுண்டைக்காய் வத்தலும் பூண்டுமாகக் கொதித்த வத்தக்குழம்பை இறக்கியாயிற்று. வாசம் மாடிப்படி வரை போகிறது. அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் 'இன்றைய மதிய மெனு' போட்டால்தான் 12 மணிக்குள் ஆர்டர் வரும். அடுப்பு மேடையிலேயே வாணலியை வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில், மேலிருந்து அவசரமாக ஒரு கிளிக். திரையைப் பார்த்தால் ரோடு போடக் காய்ச்சிய தார்!

கைப்பக்குவத்தில் குறையில்லை. சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொன்னதும் இல்லை. ஆனால், இன்னும் சாப்பிடாதவருக்கு வாசம் போய்ச் சேராதே! அவர் கையில் இருப்பது உள்ளங்கை அளவுத் திரை மட்டும்தான்.

2020-ம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் வேலையும் வருமானமும் நின்றுபோன பல வீடுகளில், சமையலறையே கடையானது. இட்லி மாவு, சாம்பார் பொடி, மதியச் சாப்பாடு, தீபாவளிப் பலகாரம் என அன்று தொடங்கியவர்களில் பலர் இன்றும் அதைத் தொடர்கிறார்கள். இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, வாசலில் பஜ்ஜி போடும் சத்தம் கிடையாது, 'வாங்க வாங்க' என்று கூப்பிட ஆளும் கிடையாது. போடுகிற போட்டோதான் கடையின் வாசல். அது மங்கலாக இருந்தால், சமைத்த பத்துப் பேர் சாப்பாட்டில் நான்கு பேர் சாப்பாடு மாலையில் வீட்டாருக்கே மிஞ்சும்.

இதற்குப் புதிய போன் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். கடந்த சில ஆண்டுகளில் வந்த எந்த ஸ்மார்ட்போனும் போதும். மாற்ற வேண்டியது தட்டு இருக்கும் இடத்தைத்தான். கூடவே, போட்டோ எடுப்பதற்கு முன்னால் அணைக்க வேண்டிய ஒரு ஸ்விட்ச்சும் இருக்கிறது.

முதலில் டியூப்லைட்டை அணையுங்கள்

கேட்க விநோதமாக இருக்கும். வெளிச்சம் போதவில்லை என்றுதானே விளக்கையே போட்டோம்?

சிக்கல் வெளிச்சத்தின் அளவில் இல்லை, அது வருகிற திசையில் இருக்கிறது. கூரையிலிருந்து நேராகக் கீழே விழும் வெளிச்சம் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். கூட்டில் இருக்கும் பூசணித் துண்டுக்கும் அதன் மேலிருக்கும் தேங்காய்த் துருவலுக்கும் நடுவே நிழல் விழாது. நிழல் இல்லையென்றால் மேடு பள்ளம் தெரியாது. மேடு பள்ளம் தெரியாவிட்டால் மொறுமொறுப்பு, பொலபொலப்பு, கெட்டித்தன்மை எதுவும் கண்ணுக்கு எட்டாது. போதாக்குறைக்கு, குனிந்து போட்டோ எடுப்பவரின் தலை நிழல் வேறு தட்டின் நடுவில் விழும்.

போனிலுள்ள ஃபிளாஷ் இன்னும் மோசம். லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன விளக்கு அது. நேருக்கு நேர் அடித்தால், குழம்பின் எண்ணெயில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். மற்றதெல்லாம் இருட்டாகவோ வெளுத்தோ போகும். சாப்பாட்டைப் பொறுத்தவரை ஃபிளாஷை நிரந்தரமாக மறந்துவிடலாம்.

பக்கவாட்டில் வருகிற வெளிச்சம்தான் உணவுக்கு ஏற்றது. கேமரா கண்டுபிடிப்பதற்கு முன்பே ஓவியர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. டச்சு ஓவியர் வெர்மீர் 17-ம் நூற்றாண்டில் வரைந்த 'பால்காரி' ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். ஒரு பணிப்பெண் கிண்ணத்தில் பால் ஊற்றுகிறாள். மேஜையில் ரொட்டி. இடப்பக்க ஜன்னலிலிருந்து மட்டும்தான் வெளிச்சம். ரொட்டியின் மேல்தோலில் ஆங்காங்கே குட்டிக் குட்டி ஒளிப்புள்ளிகள். அந்தப் புள்ளிகளால்தான் தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும் எனத் தோன்றுகிறது. நம் வீட்டு மெதுவடைக்கும் அதே ஜன்னல், அதே புள்ளிகள்தான் வேண்டும்.

ஜன்னல் எங்கே, தட்டு எங்கே?

தட்டை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6 மணி இருக்கும் இடத்தில் நிற்கிறீர்கள். ஜன்னல் 9 மணி அல்லது 3 மணிப் பக்கம் இருந்தால் பொரியல், வடை, பிரியாணி போன்றவை அழகாக வரும். குழம்பு, ரசம், பாயசம் போல நீர்த்து மினுங்கும் பதார்த்தங்களுக்கு ஜன்னலை இன்னும் சற்றுப் பின்னுக்குத் தள்ளி 10 மணி அல்லது 2 மணிப் பக்கம் வரும்படி வையுங்கள். எண்ணெய்ப் படலத்தில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு வந்து கேமராவைச் சேரும். தார் மாதிரி இருந்த வத்தக்குழம்பில் செம்மண் நிறமும் எண்ணெய்ப் பளபளப்பும் பிரிந்து தெரிவது அப்போதுதான். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் ஃபிளாஷ் அடித்ததுபோல்தான் ஆகும். உங்கள் நிழலும் விழும்.

நம் வீடுகளில் சமையலறை ஜன்னல் பெரும்பாலும் சின்னது. அதிலும் பாதியை எக்ஸாஸ்ட் ஃபேன் அடைத்திருக்கும். மீதிப் பாதி பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கும். அதனால், சமையலறையிலேயே எடுத்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. ஹால் ஜன்னல், பால்கனிக் கதவு, மாடிப்படித் திருப்பம், திண்ணை, முற்றமுள்ள பழைய வீடென்றால் முற்றத்து ஓரம் என வீட்டுக்குள் ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். கையை நீட்டி விரல்களின் நிழலைக் கவனியுங்கள். நிழல் ஒரு பக்கமாக, ஓரம் மிருதுவாக விழும் இடம் எதுவோ அதுதான் உங்கள் ஸ்டூடியோ. அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டால் தினமும் தேட வேண்டாம்.

வெயில் நேரடியாக அடிக்கிறதா? அப்படியே எடுத்தால் கன்னங்கரேல் நிழலும் கண்கூசும் வெள்ளையுமாக இருக்கும். ஜன்னல் கம்பி நிழல் வேறு சாதத்தின் மேல் கோடு போடும். இதற்குக் கடையில் 'டிஃப்யூசர்' விற்கிறார்கள். ஆனால், அதே வேலையை ஒரு பழைய வெள்ளை வேட்டி செய்யும். ஜன்னலில் ஒற்றை மடிப்பாகக் கட்டிவிடுங்கள். வெயில் வேட்டியில் பட்டுப் பரவி, ஜன்னல் முழுவதுமே மென்மையான ஒரு பெரிய விளக்காகிவிடும். வெளிச்சம் வரும் பரப்பு எவ்வளவு பெரிதோ, நிழல் அவ்வளவு மிருது. அதனால்தான் ஜன்னலுக்கு அருகில் வைக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் போகப் போக, தட்டுக்கு அந்த ஜன்னல் பெரிதாகிறது.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருட்டு அதிகமாகத் தெரிந்தால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலைக் கொஞ்சம் தணிக்கும். முழுக்கத் தணித்துவிட வேண்டாம். நிழல் இல்லாத சாப்பாடு மறுபடியும் தட்டையாகிவிடும்.

நண்பகல் மொட்டைமாடி வேண்டவே வேண்டாம். தண்ணீர்த் தொட்டி நிழலில், வானம் பார்த்த பக்கமாக வைத்தால் ஓரளவு பரவாயில்லை.

இட்லிக்கு எப்படிப் பச்சை பிடித்தது?

ஜன்னலுக்கு வந்த பிறகும் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தால் இன்னொரு தொல்லை. பகல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், டியூப்லைட்டுக்கு வேறு நிறம், மஞ்சள் பல்புக்கு இன்னொரு நிறம். நம் மூளை இதையெல்லாம் சரிசெய்துகொண்டு, சாதத்தை வெள்ளையாகவே காட்டும். கேமராவால் ஒரு நேரத்தில் ஒரு வெளிச்சத்துக்குத்தான் சரிசெய்ய முடியும். இரண்டும் கலந்தால், சாதத்தின் ஒரு பக்கம் நீலம் பாரித்தும் மறுபக்கம் மஞ்சள் காமாலை வந்ததுபோலவும் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.

சுவரும் இந்த ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளும். பச்சை பெயின்ட் அடித்த சுவருக்குப் பக்கத்தில் இட்லியை வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இட்லியில் பச்சையை ஏற்றும். பார்ப்பவருக்குப் பூசணம் நினைவுக்கு வந்தால் கதை முடிந்தது. சிவப்பு பிளாஸ்டிக் மேஜை விரிப்பும், கிட்டே நிற்பவரின் அடர்நிற நைட்டியும்கூட இதே வேலையைப் பார்க்கும்.

இட்லிக்கு இன்னொரு பிரச்னையும் உண்டு. கேமரா, தன் முன்னால் இருப்பது எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளையான பொருள் திரை முழுக்க இருந்தால், 'வெளிச்சம் அதிகம்போல' என்று தானாகக் குறைத்துவிடும். மல்லிகைப்பூ இட்லி சாம்பல் நிறமாவது இப்படித்தான். கறுப்பு வாணலியில் இருக்கும் வத்தக்குழம்புக்கு நேர்மாறாக வெளிச்சத்தைக் கூட்டி வெளிறச் செய்யும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். திரையில் உணவின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொண்டு, சின்னச் சூரியன் அல்லது ஒரு கோடு தோன்றும். இட்லி, இடியாப்பம், தயிர்சாதம் என்றால் அதைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். குழம்பு, மிளகு வறுவல், கறுப்பு உளுந்தங்களி என்றால் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இந்த ஒரு விரலசைவைக் கற்றுக்கொண்டவருக்குப் பிறகு எடிட்டிங் ஆப் பெரிதாகத் தேவைப்படாது.

வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி வைத்தால் எதுவும் எடுபடாது. வாழையிலைத் துண்டு, மரப்பலகை, மண்சட்டி என ஏதாவது ஒன்று அடியில் இருக்கட்டும். எவர்சில்வர் தட்டு நம் வீட்டு அழகுதான். ஆனால், அது ஒரு கண்ணாடி. டம்ளரின் வயிற்றில் போனும் கையுமாக நிற்கும் உருவமும், மேலே சுற்றும் ஃபேனும், சில நேரம் கொடியில் காயும் துணியும்கூடத் தெரியும். எவர்சில்வர்தான் வேண்டும் என்றால் பளபளப்பு மங்கிய பழைய பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். அல்லது, அது எதைப் பிரதிபலிக்கிறதோ அந்த இடத்தில் வெள்ளைத் துணியைப் பிடியுங்கள்.

வாழையிலைக்கு என்று ஓர் இலக்கணம்

எந்த உயரத்திலிருந்து எடுப்பது என்பதைப் பதார்த்தமே சொல்லும். தட்டையாகப் பரந்திருப்பதை நேர் மேலேயிருந்து எடுக்கலாம். இலைச் சாப்பாடு, அடை, ஊத்தப்பம், கிண்ணங்கள் அடுக்கிய தாலி எல்லாம் இந்த ரகம். உயரமாக நிற்பவற்றை, அதாவது நெய் ரோஸ்ட் கூம்பு, அடுக்கிய பூரி, நுரை பொங்கும் டிகிரி காபி ஆகியவற்றை, அவற்றின் மட்டத்துக்கே குனிந்து எடுக்க வேண்டும். மேலேயிருந்து எடுத்தால் டிகிரி காபி வெறும் பழுப்பு வட்டம். மற்ற எல்லாவற்றுக்கும், சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்க்கும் சாய்வான கோணமே போதும்.

இலைச் சாப்பாட்டைப் படமெடுப்பவர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இலையின் நுனி சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் எல்லாம் மேல் பாதியில், சாதம் கீழ்ப் பாதியில். எதிர்ப்பக்கம் நின்று எடுத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். அந்தப் படத்துக்குக் கீழே, ருசியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். 'இலையை இப்படியா போடுவாங்க?' என்றுதான் நாலு பேர் கேட்பார்கள். பரிமாறுபவர் நிற்கும் பக்கம் நின்று பழகியவர்கள் செய்யும் தவறு இது. சாப்பிடுபவர் பக்கம் போய் நின்று எடுங்கள். வகைகள் அடுக்கும் வரிசை ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். உங்கள் வாடிக்கையாளர் யாரோ அவர் வழக்கத்தைப் பின்பற்றுவது புத்திசாலித்தனம்.

அடுக்கும் விதம் ருசியையே மாற்றுமா? 2014-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே சாலட்டை மூன்று விதமாகப் பரிமாறிப் பார்த்தார்கள். ஒன்று, எல்லாவற்றையும் கலந்து குவித்தது. இரண்டாவது, காய்களை ஒழுங்காகப் பிரித்து வரிசையாக வைத்தது. மூன்றாவது, ஓவியர் கண்டின்ஸ்கியின் ஓவியம் ஒன்றைப் போல அடுக்கியது. பொருள்களும் அளவும் ஒன்றேதான். ஓவியம்போல அடுக்கிய தட்டுக்கே கூடுதல் விலை தரத் தயாராக இருந்தார்கள். சாப்பிட்ட பிறகும் அதற்கே ருசி அதிகம் என்று மதிப்பெண் போட்டார்கள். ஒழுங்காக வரிசையில் வைத்த தட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை என்பது சுவாரஸ்யம். நறுக்கென்று வரிசைகட்டி வைப்பதுதான் அழகு என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை!

சட்டத்துக்குள் எல்லாவற்றையும் திணிக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. எட்டு வகைக் கூட்டு பொரியல் செய்திருக்கிறோம், எட்டும் தெரிய வேண்டாமா என்ற ஆசை. உள்ளங்கைத் திரையில் எட்டுக் கிண்ணம் எட்டுப் பொட்டாகத்தான் தெரியும். இன்றைய விசேஷம் எதுவோ அதை முன்னால் பெரிதாக வையுங்கள். மற்றவை பின்னால் பாதி தெரிந்தால் போதும். மெனுவில் அவற்றின் பெயர் எழுதத்தான் போகிறீர்கள். ஓரத்தில் எண்ணெய்ப் பாட்டில், கரித்துணி, மாவு வாளி எட்டிப்பார்க்கிறதா என்று கிளிக் செய்யும் முன் நான்கு மூலைகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டுக்கு மிக அருகில் போனைக் கொண்டுபோவதும் வேண்டாம். போனின் முதன்மை கேமரா அகலக் கோணம் கொண்டது. கிட்டே போனால், முன்னால் இருக்கும் வடை பூதாகரமாகவும் பின்னாலிருக்கும் வடை சுருங்கியும் தெரியும். ஓரடி பின்னால் வந்து, திரையில் '2x' தொட்டு எடுத்தால் தட்டு தட்டாகவே இருக்கும். 'போர்ட்ரெய்ட்' வசதி பின்னணியை மங்கலாக்கித் தருவது உண்மைதான். ஆனால், கொத்தமல்லி இலை ஓரங்களையும் முறுக்கின் வளைவுகளையும் சேர்த்தே மங்கலாக்கிவிடுகிறது. முறுக்கு விற்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அடியில் மூழ்கும் முருங்கைக்காய்

சாம்பாரைப் படமெடுத்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கத்திரிக்காய் எல்லாம் போட்டிருப்போம். கிண்ணத்தில் ஊற்றியதும் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். படத்தில் தெரிவது வெறும் மஞ்சள் குளம்.

அமெரிக்காவின் கேம்ப்பெல் சூப் நிறுவனத்துக்கும் இதே அவஸ்தை வந்தது. 1960-களின் பிற்பகுதியில், விளம்பரத்துக்காகப் படமெடுத்த சூப் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டார்கள். காய்கறிகள் அதன் மேல் ஏறி நின்றன. கிண்ணம் நிறையக் காய் இருப்பதுபோலத் தெரிந்தது. அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் இதை மக்களை ஏமாற்றும் செயல் என்று நடவடிக்கை எடுத்தது. இனி அப்படிச் செய்வதில்லை என்ற உடன்பாட்டோடு 1970-ல் விவகாரம் முடிந்தது. உணவுப் படங்களின் நேர்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் இந்தக் கோலிக்குண்டு உருண்டு வந்துவிடும்.

சாம்பாருக்குக் கோலிக்குண்டு வேண்டாம். ஆழமில்லாத அகலக் கிண்ணத்தை எடுங்கள். காய்களை முதலில் வைத்து, அவை பாதி மூழ்கும் அளவுக்கு மட்டும் சாம்பார் ஊற்றுங்கள். கடைசியில் ஒரு துண்டு முருங்கைக்காயும் தாளிப்பும். ஒரு பார்சலில் எத்தனை துண்டு காய் போகிறதோ, அத்தனை துண்டு மட்டுமே படத்திலும் இருக்கட்டும். மூன்று துண்டு கொடுத்துவிட்டு ஏழு துண்டு காட்டினால், அதுவும் ஒரு வகைக் கோலிக்குண்டுதான்.

வீட்டுச் சமையல் வியாபாரத்தில் இது பெரிய விஷயம். ஹோட்டலுக்குப் புதுப்புது ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்பார்ட்மென்ட் குரூப்பில் இருப்பது அதே நூறு, இருநூறு வீடுகள். ஒரு வீட்டில் 'படத்துல இருந்த மாதிரி இல்லையே' என்று சொல்லிவிட்டால், லிஃப்ட்டில் அது எட்டு மாடியும் ஏறி இறங்கும். இந்தியாவில் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சட்டத்துக்கு முன்பே லிஃப்ட் தீர்ப்பு சொல்லிவிடும் என்பதுதான் யதார்த்தம்.

செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் பிரியாணிப் படத்தை மெனுவில் போடும் ஆசையும் இப்போது பரவிவருகிறது. ஒரு சொல் தட்டினால் ஆவி பறக்கும் பிரியாணி வந்துவிடுகிறதே! ஆனால், அந்தப் பிரியாணியை யாரும் சமைக்கவில்லை. 2024 ஆகஸ்ட்டில் ஜொமேட்டோ நிறுவனம், இத்தகைய படங்கள் வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைக் கெடுக்கின்றன, புகார்கள் வருகின்றன என்று கூறி, மெனுவில் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என உணவகங்களைக் கேட்டுக்கொண்டது.

நிறத்தைக் கூட்டும் ஃபில்டர்களும் எச்சரிக்கைக்குரியவை. பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி ரசாயனம் இருந்தது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு பளீர் சிவப்பைப் பார்த்தாலே 'கலர் பவுடரோ?' என்று கேட்கிறார்கள். கலர் போடாமல் காஷ்மீரி மிளகாயில் மட்டும் சிவந்த சிக்கன் 65-ஐ ஃபில்டர் போட்டுச் சந்தேகத்துக்குரியதாக ஆக்குவானேன்?

ஹீரோ வரும்வரை டூப் நிற்கட்டும்

சாப்பாட்டுக்குப் பொறுமை கிடையாது. அப்பளம் சில நிமிடங்களில் நமத்துவிடும். பாயசத்தில் ஆடை படியும். தேங்காய்ச் சட்னி தண்ணீர் விட்டுக்கொள்ளும். சூட்டில் கொத்தமல்லி துவண்டு கறுக்கும். எல்லாம் வைத்துவிட்டு அப்புறம் வெளிச்சம் தேடினால், வெளிச்சம் கிடைக்கும்போது சாப்பாடு சோர்ந்திருக்கும்.

விளம்பரப் படப்பிடிப்புகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சினிமாவில் ஹீரோவுக்கு டூப் போடுவதுபோல், சாப்பாட்டுக்கும் டூப் போடுவார்கள். காலித் தட்டையோ பழைய இட்லியையோ வைத்து வெளிச்சம், கோணம், பின்னணி எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டு, கடைசியாகத்தான் ஹீரோவைக் கொண்டுவருவார்கள். வீட்டிலும் அதுவே. குழம்பு கொதிக்கும்போதே ஸ்டூல், இலை, கிண்ணம் தயாராகட்டும். இரண்டு படம் டூப்பை எடுத்துப் பாருங்கள். லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடையுங்கள். சமையலறைப் போனின் லென்ஸில் எண்ணெய்க் கை படாத நாளே இருக்காது. படம் பனிமூட்டமாக வருகிறது என்று போனை மாற்ற நினைத்தவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆவி பறப்பது படத்தில் தெரிய வேண்டுமா? வெளிச்சம் பின்பக்கத்திலிருந்து வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் எவ்வளவு ஆவி பறந்தாலும் தெரியாது. ஒரு கறுப்பு சார்ட் பேப்பரைப் பின்னால் நிறுத்தி, இட்லித் தட்டைத் திறந்த கையோடு வரிசையாகப் பத்து படம் எடுத்துவிடுங்கள். அதில் ஒன்று தேறும்.

இரவு டிபனுக்கு என்ன செய்வது?

வீட்டுச் சமையல் ஆர்டர்களில் இரவு டிபனுக்குத் தனி மவுசு உண்டு. அப்போது ஜன்னலில் இருட்டுதான் இருக்கும். தினமும் மாறாத ஐட்டங்களை, அதாவது சப்பாத்தி குருமா, இடியாப்பம், ஆப்பம் போன்றவற்றை, ஒரு நாள் காலையில் சமைக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வது எளிய வழி. அன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றால் ஒரே ஒரு விளக்கைப் பயன்படுத்துங்கள். பிள்ளைகள் படிக்கும் டேபிள் லேம்ப்பைப் பக்கவாட்டில், தட்டைவிடச் சற்று உயரத்தில் வைத்து, முன்னால் ஓரடி தள்ளி வேட்டியையோ பட்டர் பேப்பரையோ திரையாகக் கட்டுங்கள். துணி பல்பைத் தொடக் கூடாது. பழைய குண்டு பல்பு என்றால் தீப்பிடிக்கும். வீட்டின் மற்ற எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள்.

விலை மலிவான எல்.இ.டி. பல்புகள் சிவப்பு நிறத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. தக்காளித் தொக்கு அதில் பழுப்பாகிவிடும். இதற்கென்றே ஒரு பல்பு வாங்குவதாக இருந்தால் அட்டையில் 'சி.ஆர்.ஐ. 90' அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சில விளக்குகளில் வீடியோ எடுக்கும்போது கறுப்புப் பட்டைகள் நெளியும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போனில் 'புரோ' வசதி இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டைகள் மறையும்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'ஹெச்.டி.' என்பதைத் தொட மறக்க வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும். ஸ்டேட்டஸில் வைப்பதற்குப் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படம்தான் பொருந்தும். மேலே விலையும் அளவும் எழுதக் கொஞ்சம் காலி இடம் விட்டே எடுத்துவிடுங்கள்.

இத்தனையும் நடக்கும்போது வீட்டில் ஒரு சண்டை நிச்சயம் வரும். 'போட்டோ எடுக்கிற வரைக்கும் தொடாதே' என்று சொல்வதும், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை பசியோடு முறைப்பதும் பல வீடுகளில் நடப்பதுதான். படத்துக்கு ஒரு சின்னத் தட்டு மட்டும் தனியாக எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, மற்றதை மேஜைக்கு அனுப்பிவிடலாம். திரையில் பார்ப்பவருக்கு நான்கு இட்லியும் நாற்பது இட்லியும் ஒன்றுதான். தோசைக்கு மட்டும் இது சரிப்படாது. தட்டுக்கு வந்த தோசை, கேமரா திறப்பதற்குள் துவண்டுவிடும். அதைக் கல்லிலேயே, ஓரம் சிவந்து எழும்பும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். கறுப்பு தோசைக்கல்லை விட நல்ல பின்னணி எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது.